டாரன்டுலா வளர்க்கிறீங்களா? அவசரப்படுத்தாதீங்க!

2021 ஜூலை மாசம். போலந்துல இருந்து சென்னைக்கு ஒரு தபால் பார்சல் வந்தது. போய்ச் சேர வேண்டிய ஊர் அருப்புக்கோட்டை. சுங்கத்துறை ஆட்கள் சந்தேகப்பட்டுப் பிரிச்சாங்க. உள்ளே ஒரு தெர்மாகோல் பெட்டி. அதுக்குள்ள வெள்ளித்தாளும் பஞ்சும் சுத்தின குட்டிக் குட்டி பிளாஸ்டிக் குப்பிகள், மொத்தம் 107. ஒவ்வொரு குப்பியிலயும் உயிரோட ஒரு சிலந்தி. வனவிலங்கு குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகமும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனமும் பார்த்துட்டு, இதெல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலா வகைகள்னு சொன்னாங்க. இறக்குமதி உரிமம் இல்ல, சுகாதாரச் சான்றிதழ் இல்ல. பார்சலை வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிட்டாங்க.

அந்த நியூஸைப் படிச்சவங்க பெரும்பாலும் "அய்யோ, சிலந்தியா!"னு பதறினாங்க. எனக்கு மண்டைக்குள்ள ஓடினது அந்தக் குப்பியோட சைஸ்தான். வளர்ந்தா உள்ளங்கையை நிறைக்கிற ஜீவன், ஏன் குப்பிக்குள்ள அடங்குற வயசுலயே கை மாறுது? பதில் சிம்பிள். குஞ்சு விலை கம்மி. ஒரு முட்டைப் பையில இருந்து நூத்துக்கணக்குல வரும். பெருசு விலை அதிகம், ஏன்னா பெருசாக வருஷக்கணக்கு ஆகும். அந்த வருஷங்களை எப்படியாவது சுருக்கணும்னு தான் வாங்குறவங்க எல்லாரும் நினைக்கிறாங்க. நிறைய சாப்பாடு போடு, சூடா வை, சீக்கிரம் பெருசாகும். இது வேலை செய்யுமா? செய்யும். அதுதான் பிரச்சனையே.

முதல்ல ஒரு விஷயம். நாம "எட்டுக்கால் பூச்சி"னு சொல்றோம், ஆனா சிலந்தி பூச்சி இனமே இல்ல. பூச்சிக்கு ஆறு கால். ஆனா ஒரு விஷயத்துல ரெண்டும் ஒண்ணு: எலும்பு வெளியில இருக்கு. உடம்பு முழுக்க ஒரு கெட்டியான ஓடு. நம்மள மாதிரி தினம் கொஞ்சம் கொஞ்சமா வளர முடியாது. சாப்பிட்டா வயிறு மட்டும் உப்பும், ஏன்னா அங்க மட்டும் தோல் கொஞ்சம் இழுக்கும். காலும் முன்னுடம்பும் அதே அளவுலதான் நிக்கும். வளரணும்னா பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டு, உள்ள ரெடியா இருக்கிற மெத்துனு புது ஓட்டை விரிச்சு, அது இறுகுறதுக்குள்ள பெருசாகிக்கணும். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரினு சொல்லலாம், ஆனா இது அதைவிட ரொம்ப ரிஸ்க். கண்ணு, விஷப்பல், தொண்டைக்குழாயோட உள்பூச்சு, நுரையீரல் மடிப்போட மெல்லிய தாள் வரைக்கும் எல்லாம் சேர்ந்து கழண்டு வரணும்.

அதனால டாரன்டுலாவோட வளர்ச்சியை கிராஃப் போட்டா வளைகோடு வராது, படிக்கட்டுதான் வரும். ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம்? ஓடு உள்ள உயிரினங்களுக்கு ஒரு பழைய தோராயக் கணக்கு இருக்கு: ஒரு சட்டைக்கு எடை ரெண்டு மடங்கு ஆகுதுன்னு வச்சுக்கிட்டா, நீளம் ரெண்டோட கன மூலம் அளவுக்கு, அதாவது 1.26 மடங்கு கூடும். அப்படின்னா மூணு சட்டைக்கு ஒரு தடவை நீளம் இரட்டிப்பு. 1 செ.மீ. கால் விரிப்பு இருக்கிற குஞ்சு 16 செ.மீ. ஆகணும்னா நாலு இரட்டிப்பு, அதாவது 12 சட்டை. நிஜத்துல ஒவ்வொரு சட்டைக்கும் இந்த எண் கொஞ்சம் மாறும், வகைக்கு வகை மாறும். ஆனா கணக்கோட உள்ளர்த்தம் மாறாது. படிகளோட எண்ணிக்கையை நீங்க பெருசா மாத்த முடியாது. ரெண்டு படிக்கு நடுவுல இருக்கிற காத்திருப்பைத்தான் மாத்த முடியும்.

அந்தக் காத்திருப்பை முக்கியமா ரெண்டு விஷயம் குறைக்குது. ஒண்ணு சாப்பாடு, இன்னொண்ணு வெப்பம்.

சாப்பாடு பக்கம் எளிது. அடுத்த சட்டைக்குத் தேவையான சேமிப்பு வயித்துல சேரணும். சேர்ந்ததும் சாப்பிடறதை நிறுத்திடும். சில நாள்லயிருந்து சில மாசம் வரைக்கும்கூட எதையும் தொடாது. பின்வயிறு பளபளன்னு கறுத்துப்போகும். புதுசா வளர்க்கிறவங்க இந்த நேரத்துலதான் பயந்துபோய் "பசியில்ல போல, உடம்பு சரியில்ல போல"னு இன்னொரு பூச்சியைப் போட்டுப் பார்ப்பாங்க. அது பெரிய தப்பு. டாரன்டுலா மல்லாக்கப் படுத்துத்தான் சட்டை உரிக்கும். மணிக்கணக்கா அசையாம கிடக்கும். அந்த நேரத்துல ஓடு மெத்துனு இருக்கும், விஷப்பல்கூட வெள்ளையா ரப்பர் மாதிரி இருக்கும். பெட்டிக்குள்ள விட்ட ஒரு சுவர்க்கோழி, அதாவது நாம உணவாப் போட்ட அதே கிரிக்கெட் பூச்சி, திரும்பி சிலந்தியைக் கடிச்சுத் தின்ன ஆரம்பிச்சிடும். அதனால 24 மணி நேரத்துல தொடாத பூச்சியை வெளியில எடுத்துடணும். சட்டை உரிச்ச பிறகு ஒரு வாரம், பெருசா இருந்தா பத்து நாளுக்கு மேலகூட, சாப்பாடு வேண்டாம். அப்புறம் முக்கியமா, மல்லாக்கக் கிடந்தா செத்துடுச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. செத்துக்கிட்டு இருக்கிற சிலந்தி பெரும்பாலும் குப்புற, எட்டுக் காலும் உடம்புக்கு அடியில மடங்கித்தான் கிடக்கும்.

ஏன் கால் மடங்குது? இதுல மெக்கானிக்கல் மக்கள் கொஞ்சம் கவனிங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போனவங்க ஹைட்ராலிக் பிரஸ் பார்த்திருப்பீங்க. சிலந்தியோட கால் கிட்டத்தட்ட அதுதான். மடக்குறதுக்குத் தசை இருக்கு. ஆனா காலோட ரெண்டு முக்கிய மூட்டுகள்ல நீட்டுறதுக்குத் தசையே கிடையாது. முன்னுடம்பு இறுகி, ரத்த திரவத்தை அழுத்தத்தோட காலுக்குள்ள தள்ளும், கால் நீளும். திரவம் குறைஞ்சா அழுத்தம் வராது, கால் மடங்கியே கிடக்கும். சட்டை உரிக்கறதும் இதே பம்ப் வேலைதான். வயித்துல இருக்கிற திரவம் முன்னால தள்ளப்பட்டு, அந்த அழுத்தத்துலதான் முதுகு மூடி டப்பா மூடி மாதிரி திறக்கும். அப்புறம் ஒவ்வொரு காலா பழைய உறையிலிருந்து உருவும்.

இதனாலதான் நான் சொல்றது: சாப்பாடு சட்டை எப்போ உரியும்னு முடிவு பண்ணுது, தண்ணி அது உயிரோட வெளியில வருமான்னு முடிவு பண்ணுது. வாரம் மூணு பூச்சி போட்டு, தண்ணிக் கிண்ணத்தை மறந்துட்டீங்கன்னா, நீங்க அதை வேகமா ஆபத்துக்குள்ள தள்றீங்க. ஒரு பாட்டில் மூடியில நல்ல தண்ணி எப்பவும் இருக்கணும். அவ்வளவுதான். பஞ்சை நனைச்சு வைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கு. அதுல அழுக்கும் கிருமியும்தான் சேரும்.

அடுத்தது வெப்பம். சிலந்திக்குச் சொந்தமா உடம்புச் சூடு கிடையாது, ரூம் எவ்வளவோ அவ்வளவுதான். இந்த மாதிரி உயிர்களுக்கு 10 டிகிரி ஏறினா உடம்போட வேக ரேட் ரெண்டுலயிருந்து மூணு மடங்கு ஏறும்னு ஒரு பொது விதி உண்டு. வெளிநாட்டு வீடியோவுல எல்லாம் ஹீட் மேட் போடச் சொல்லுவாங்க. அது ஜனவரியில பனி கொட்டுற ஊருக்கு. ஆவடியிலயும் பூந்தமல்லியிலயும் ஹீட் மேட் வாங்குறவரை நான் என்ன சொல்றது? நம்ம மார்கழி ராத்திரிகூட ரூமுக்குள்ள பெரும்பாலான வகைகளுக்குத் தாங்கக்கூடிய வெப்பம்தான். நமக்கு இருக்கிற தலைவலி நேர் எதிர். அக்னி நட்சத்திரத்துல கடல்காத்து மயிலாப்பூருக்கு மதியமே வந்துடும், நம்ம பக்கம் வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். சில நாள் வரவே வராது. அது வரைக்கும் வறண்ட மேல்காத்து. வெளியில 40-ஐத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மொட்டை மாடி ரூம்ல எவ்வளவு இருக்கும்னு அங்க தங்கினவங்களுக்குத் தெரியும். அந்த ரூம்ல மூடின கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற ஒரு ஜீவனை நினைச்சுப் பாருங்க. அந்தச் சூட்டுல அது வேகமா வளராது, வேகமா வத்தும். தரைத்தள ரூம், வெயில் படாத மூலை, காத்து போக ஓட்டை உள்ள பெட்டி, அடியில ஈரப்பிடிப்புக்கு கோகோபீட். இது போதும்.

ஐப்பசி கார்த்திகையில கதை மாறும். எல்லாமே ஈரம். பெட்டிக்குள்ள காத்தோட்டம் இல்லன்னா பூஞ்சை வரும், சின்னச் சின்ன உண்ணிகள் வரும். மழைக்கு வீட்டுக்குள்ள வர்ற எறும்பைப் பத்தித் தனியா சொல்லணும். சட்டை உரிச்சுட்டுக் கிடக்கிற சிலந்தியை ஒரு எறும்புக் கூட்டம் ஒரே ராத்திரியில காலி பண்ணிடும். பெட்டியை ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல வைங்க, நம்ம வீட்டுல சர்க்கரை டப்பாவுக்குச் செய்யற அதே வேலை. எறும்பு மருந்து அடிக்கலாம்னு மட்டும் யோசிக்காதீங்க. கொசு லிக்விட், காயில், தெருவுல வர்ற கொசுப் புகை வண்டி, எல்லாத்துலயும் பெரும்பாலும் இருக்கிறது பைரித்ராய்டு வகை மருந்து. அது நரம்பைத் தாக்கும். கொசுவுக்கும் சிலந்திக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டுக் கரப்பானைப் பிடிச்சு உணவாப் போடறதும் இதே காரணத்துக்காக ஆபத்து. அது பக்கத்து வீட்டுல எந்த மருந்தைத் தின்னுட்டு வந்துச்சோ!

இப்போ என் நண்பன் கதை. பேர் வேண்டாம். பட்டாபிராம்ல மொட்டை மாடி ரூம். செகண்ட் இயர்ல இன்ஸ்டாகிராம்ல யார்கிட்டயோ ஒரு சிவப்பு முட்டி டாரன்டுலா வாங்கினான். பிராக்கிபெல்மா வகை, மெக்சிகோ பூர்வீகம். பேப்பர் எதுவும் இல்ல. அப்போ அவனுக்கும் எனக்கும் அதெல்லாம் தெரியாது. வாங்கும்போது ஐந்து ரூபாய்க் காசு அளவு. அவன் ஆசை அது சீக்கிரம் பெருசாகணும். தினமும் ஒரு பூச்சி, சில நாள் ரெண்டு. அரோவானா மீனுக்குப் போடற சூப்பர் வார்ம் வேற. உண்மையைச் சொல்லணும்னா வளர்ந்துச்சு, நல்லாவே வளர்ந்துச்சு. வயிறு மட்டும் எலுமிச்சம்பழம் மாதிரி ஆயிடுச்சு, நடக்கும்போது தரையில உரசும். பெருசாயிடுச்சேனு கொளத்தூர் போய் ரெண்டடி உயரத்துல கண்ணாடித் தொட்டி வாங்கிட்டு வந்தான், உள்ள கூழாங்கல் எல்லாம் போட்டு.

தரையில வாழுற டாரன்டுலாவும் சுவர்ல ஏறும். கண்ணாடியில கூட ஏறும். ஆனா எடை அதிகமானா பிடி நழுவும். வயித்துத் தோல் மெல்லிசு, உள்ள முழுக்க அழுத்தத்துல திரவம். ஒரு வாட்டர் பலூனைக் கூழாங்கல் மேல போடற கணக்குதான். ஒரு நாள் காலையில அது கீழ கிடந்துச்சு. பக்கத்துல லேசா நீலமான திரவம். அதோட ரத்தத்துல நமக்கு இருக்கிற இரும்புக்குப் பதிலா செம்பு இருக்கும், அதனால அந்த நிறம். அவன் அன்னிக்கு கிளாஸுக்கு வரல.

அந்தத் தொட்டி பாதி உயரத்துல இருந்திருந்தா, அடியில கல்லுக்குப் பதிலா மண் இருந்திருந்தா, அந்த விழுதுல ஒண்ணுமே ஆகியிருக்காது. தரை வகைகளுக்கு மண் மட்டத்துலயிருந்து மூடி வரைக்கும் கால் விரிப்போட ஒண்ணரை மடங்குக்கு மேல வேண்டாம்னு அனுபவசாலிகள் சொல்லுவாங்க. மரத்துல வாழுற வகைக்கு மட்டும்தான் உயரம். பெரிய வீடு கொடுத்தா பெருசா வளரும்கிறது மீன் தொட்டியிலயிருந்து வந்த நம்பிக்கை, இங்க ஒத்துவராது. ரொம்பப் பெரிய பெட்டியில குஞ்சை விட்டா அது இரையைத் தேடிப் பிடிக்க முடியாம மெலிஞ்சுதான் போகும்.

அதோட கடைசிச் சட்டையை அவன் வச்சிருந்தான். சட்டையோட வயித்துப் பகுதி உள்பக்கத்தை ஊறவெச்சு லென்ஸ்ல பார்த்தா ஆணா பெண்ணானு தெரியும், பெண்ணுக்கு அங்க ஒரு விந்துப்பை மடிப்பு இருக்கும். பார்த்தோம். பெண்.

அது ஏன் எங்களை அவ்வளவு பாதிச்சதுன்னா, இந்த இனத்துல ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆயுள்ல மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆண் பருவத்துக்கு வந்ததும் பெரும்பாலும் அதோட சரி, அதுக்கப்புறம் சட்டை உரிக்காது. சில மாசம், மிஞ்சினா ஒண்ணு ரெண்டு வருஷம். பெண் பருவத்துக்கு வந்த பிறகும் சட்டை உரிச்சுக்கிட்டே இருக்கும், போன காலைக்கூட ரெண்டு மூணு சட்டையில திரும்ப முளைக்க வெச்சிடும். பிராக்கிபெல்மா பெண் 20 வருஷத்துக்கு மேல சாதாரணமா வாழும். டாரன்டுலாவோட தூரத்து உறவுக்கார சிலந்தி ஒண்ணை மேற்கு ஆஸ்திரேலியாவுல பார்பரா யார்க் மெயின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1974-லயிருந்து கவனிச்சாங்க. 16-ம் நம்பர்னு குறிச்சிருந்த அந்தச் சிலந்தி 43 வயசு வரைக்கும் ஒரே வளையில வாழ்ந்துச்சு. 2016-ல போனது வயசாகி இல்ல, ஒரு ஒட்டுண்ணிக் குளவியால.

அப்போ அதிக சாப்பாடு ஆயுளைக் குறைக்குமா? ஆணுக்கு நேரடிக் கணக்கு: சீக்கிரம் பருவம், சீக்கிரம் மரணம். பொதுவா சிலந்திகள்ல இதைச் சோதிச்சும் பார்த்திருக்காங்க. 1989-ல ஸ்டீவன் ஆஸ்டட் ஒரு சின்ன வலைச் சிலந்தி இனத்துக்கு வெவ்வேறு அளவுல ஈ போட்டு வளர்த்தார். கம்மியா சாப்பிட்டதுதான் அதிக நாள் வாழ்ந்துச்சு. அது டாரன்டுலா இல்லங்கிறதை மறக்கக் கூடாது. ஆனா காட்டுல டாரன்டுலாவோட வாழ்க்கையே பெரும்பாலும் காத்திருக்கிறதுதான். வளைக்குள்ள உட்கார்ந்து, வந்தா சாப்பிடும், வரலன்னா மாசக்கணக்கா சும்மா இருக்கும். அந்த உடம்புக்குத் தினமும் கல்யாண விருந்து எதுக்கு? குஞ்சுக்கு வாரம் ஒண்ணு ரெண்டு சின்னப் பூச்சி. வளர்ந்ததுக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒண்ணு. பூச்சி சைஸ் அதோட வயித்தைவிடப் பெருசா வேண்டாம். வயிறு முன்னுடம்பைவிடக் கொஞ்சம் பெருசா இருந்தா ஆரோக்கியம், அதுல ஒண்ணரை மடங்கைத் தாண்டினா நிறுத்திக்கோங்க.

நம்ம ஊர்லயே டாரன்டுலா இருக்கு, தெரியுமா? ஆவடியில ஏறி உட்கார்ந்தா லோக்கல் ட்ரெயின் போய் நிக்கிற அரக்கோணம்தான், பொயிசிலோதீரியா ரெகாலிஸ்ங்கிற அழகான மரச் சிலந்திக்கு முதல் முகவரி. 1899-ல போக்காக் அதை விவரிச்சு எழுதினப்போ கிடைச்ச மாதிரி அங்கயிருந்து வந்தது. அதே வருஷம் அவர் எழுதின இன்னொண்ணு நீல நிற மெட்டாலிகா. அது கிடைச்சது ஆந்திராவுல குத்தி ரயில்வே மரக் கிடங்குல. நம்ம அம்பத்தூரைத் தாண்டிப் போற மும்பை லைன்லதான் அந்த ஊரும் இருக்கு. பெரும்பாலும் மரக்கட்டையோட ரயிலேறி வந்திருக்கும்னு நினைக்கிறாங்க. அப்புறம் 102 வருஷம் யார் கண்ணுலயும் படல. 2001-ல நந்தியால் பக்கத்துக் காட்டுல திரும்பக் கிடைச்சுது. 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைஞ்ச இடத்துல மட்டும். 2008-ல அழியும் நிலைக்கு மிக நெருங்கிய இனம்னு அறிவிச்சாங்க. ஆனா ஐரோப்பாவுல வளர்க்கிறவங்க பெட்டியில அதே நீலச் சிலந்தி தாராளமா இருக்கு.

2019-லயிருந்து பொயிசிலோதீரியா பேரினம் முழுக்க சைட்டீஸ் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு, பிராக்கிபெல்மா அதுக்கு ரொம்ப முன்னாலயே. 2022-ல திருத்தின வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் 2024-ல வந்த விதிகளும், பட்டியல்ல உள்ள வெளிநாட்டு உயிரினத்தை வச்சிருக்கிறவங்க பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும்னு சொல்லுது. பேப்பர் இல்லாம இன்ஸ்டாகிராம்ல விக்கிறவன் "புரோ, எல்லாம் லீகல்"னு தான் சொல்லுவான். வண்டலூர் பக்கமோ ஆந்திரா காட்டுப் பக்கமோ ட்ரெக் போறப்போ மரப்பொந்துல ஒண்ணைப் பார்த்தா, போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க. அமெரிக்க வகை மாதிரி இதுங்க முடியை உதறி எச்சரிக்காது, நேரா கடிக்கும். உயிருக்கு ஆபத்து இல்லன்னாலும் நாள்கணக்கா தசை பிடிச்சு இழுக்கும்.

சட்டை உரிக்கிறதைக் கண்ணால பார்க்கணும்னு ஆசையா இருந்தா அதுக்கு டாரன்டுலாவே வேணும்னு இல்ல. ஹாஸ்டல் செடியில இருக்கிற ஒரு கும்பிடுபூச்சிக் குஞ்சைக் காத்துப் போற டப்பாவுல வைங்க. உள்ள தொங்குறதுக்கு ஒரு குச்சி, காலையில ரெண்டு சொட்டுத் தண்ணி, ஒரு ஈ. ஒவ்வொரு சட்டையையும் ஸ்கேல் வெச்சு அளந்து, தேதியும் ரூம் வெப்பமும் எழுதி வைங்க. சில மாசத்துல முழு வளர்ச்சியும் முடிஞ்சிடும், அப்புறம் அதே செடியில விட்டுடலாம். 1.26 வருதான்னு பார்த்துட்டு எங்களுக்கு அனுப்புங்க. நாங்க போன மழைக்காலத்துல ஒண்ணு வளர்த்தோம், நாலாவது சட்டையில எறும்பு வந்துடுச்சு. தட்டுல தண்ணி ஊத்த மறந்தது நான்தான்.